பயந்துதான் சுட்டேன் என்றால் சட்டம் விட்டுவிடுமா? கேட்டியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஹியூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் இருக்கிற ஒரு துப்பாக்கிப் பயிற்சி மையத்தில் டெக்சஸ் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்புக்குப் போய்வந்தேன். காலை 9 மணிக்கு ஆரம்பித்து மதியம் 3 மணிக்கு மேல் ஆகிவிட்டது. கட்டணம் 85 டாலர், வாடகைத் துப்பாக்கியும் தோட்டாவும் தனி. மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சட்டப் பகுதி அருமையாக இருந்தது, ஆனால் பணம் வாங்கிய விதத்தில் எனக்கு வருத்தம் உண்டு, அதைப் பெயர் போட்டு எழுத விருப்பமில்லை. இங்கே பக்கத்தில் இப்படிப் பல மையங்கள் இருக்கின்றன, நான் சொல்வதை வைத்து நல்ல வகுப்பு எது என்று நீங்களே பார்த்துக்கொள்ள முடியும்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பில் பாதி நேரம் அதைப் பற்றியே பேச்சாகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள் இரவு 2 மணி இருக்கும். எங்கள் வீட்டு முன்கதவை யாரோ பட் பட் என்று தட்டினார்கள், தட்டினார்கள் என்று சொல்வதுகூட சரியில்லை, இடித்தார்கள். கைப்பிடியைத் திருகும் சத்தமும் கேட்டது. ஒரு ஆண் குரல் என்னவோ கத்தியது, எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என் மனைவி பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். நான் ஹாலில் பெண்ணின் கிரிக்கெட் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு 911 அவசர உதவி எண்ணில் பேசிக்கொண்டிருந்தேன், நாக்கு உலர்ந்து முகவரிகூட ஒழுங்காக வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஷெரிஃப் ஆபீஸ் வண்டி வந்தது. வாசல்படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், 19 வயது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அத்தை வீட்டுக்கு வந்தவன், போனில் சார்ஜ் இல்லை, குடித்திருந்தான், எங்கள் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், வீடு மாறி வந்துவிட்டான். போலீஸ் வெளிச்சத்தில் அவனுக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. துப்பாக்கி ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகிறது, சட்டப்படி எனக்குத் தடை இல்லை. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, வேறு சட்டத் தடை இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள அதற்கு முன்பும் லைசென்ஸ் தேவைப்பட்டதில்லை. அப்புறம் எதற்கு இந்த வகுப்பு என்று ஆபீஸில் இரண்டு பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அன்று இரவு கையில் துப்பாக்கி இருந்து, கதவு வழியாகச் சுட்டிருந்தால், நான் இப்போது எங்கே இருப்பேன்?

வகுப்பில் 22 பேர் இருந்தோம். பாதிக்குப் பாதி பெண்கள், நான் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டப்படி வகுப்பறை நேரம் குறைந்தது 4 மணி நேரம், அதிகபட்சம் 6 மணி நேரம். எந்தச் சூழ்நிலையில் பலத்தைப் பயன்படுத்தலாம், சண்டையை எப்படித் தணிப்பது, துப்பாக்கியை எப்படிப் பத்திரமாக வைப்பது என்பதெல்லாம் கட்டாயப் பாடம். பல மையங்களில் பயிற்சியாளரே சட்டத்தையும் ஓட்டிவிடுவாராம். இங்கே சட்டப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு வக்கீல் வந்தார், அறுபது வயது இருக்கும், பல வருடம் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்துவிட்டு இப்போது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுகிறவர். இந்த வகுப்புக்குக் கொடுத்த காசு அவர் ஒருவருக்காகவே தகும்.

அவர் வந்ததும் முதலில் கேட்ட கேள்வி, "உங்களில் யாருக்காவது உண்மையிலேயே பயந்த அனுபவம் உண்டா?" என்பதுதான். நான் கையைத் தூக்கி அந்த இரவைச் சொன்னேன். அவர் அதை அப்படியே போர்டில் எழுதிக்கொண்டு, மூன்று மணி நேரம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார்.

டெக்சஸ் தண்டனைச் சட்டத்தில் 9-வது அத்தியாயம்தான் இதற்கு அடிப்படை. உயிர் போகும் அளவுக்கான பலத்தை எப்போது பயன்படுத்தலாம் என்பது அதன் 9.32 என்ற பிரிவில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் சட்டவிரோதமாக உயிருக்கு ஆபத்தான பலத்தைப் பயன்படுத்துகிறார் அல்லது பயன்படுத்த முயல்கிறார், அதைத் தடுக்க அந்த நொடியிலேயே சுட்டாக வேண்டும் என்று நீங்கள் நியாயமாக நம்பவேண்டும். கொலை, பாலியல் வன்முறை, வழிப்பறி, ஆபத்தான வகைக் கடத்தல் போன்றவை அடுத்த கணம் நடக்கப்போகின்றன என்ற நிலையும் இதில் அடங்கும். இந்த வாக்கியத்தில் 'பயம்' என்ற சொல்லே கிடையாது என்று வக்கீல் சுட்டிக்காட்டினார். இருப்பது நம்பிக்கை, அதுவும் நியாயமான நம்பிக்கை. அதே சூழ்நிலையில், சாதாரணமான, நிதானமுள்ள ஒரு மனிதர் என்ன நம்புவாரோ அது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது.

எனக்கு இது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பயந்தது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் சட்டம் அத்தோடு நிற்பதில்லை. முதலில் நீ உண்மையாகவே அப்படி நம்பினாயா என்று பார்க்கும். அப்புறம், உன் இடத்தில் நிதானமான ஒருவர் நின்றிருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பாரா என்று பார்க்கும். இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், முதலாவது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தற்காப்பு வாதம் நிற்காது.

இதற்கு அவர் சொன்ன பழைய வழக்கு நியூயார்க்கில் நடந்தது. 1984 டிசம்பர் 22, சுரங்க ரயிலில் நாலு இளைஞர்கள் ஒருவரிடம் 5 டாலர் கேட்கிறார்கள், அவர் துப்பாக்கியை எடுத்து நாலு பேரையும் சுட்டுவிடுகிறார். பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற அந்தப் பெயர் அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பு ஒருமுறை அவரைத் தாக்கிக் கொள்ளையடித்திருக்கிறார்கள், அதனால் அவருக்கு அந்தப் பயம் உண்மையானது என்பது வாதம். 1986-ல் நியூயார்க் மேல் நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், சுட்டவர் மனதில் இருந்த பயம் மட்டும் அளவுகோல் ஆகாது, அது பொதுவாகப் பார்த்தாலும் நியாயமானதாக இருக்கவேண்டும். ஆனால் அவருடைய பழைய அனுபவம், எதிரில் இருந்தவர்களின் உடல் பலம், அவர்கள் நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் 12 பேர், கணக்கில் எடுக்கலாம். கடைசியில் ஜூரி அவரைக் கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டனை. 1996-ல் சிவில் வழக்கில் 43 மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். ஒரே சம்பவம், இரண்டு கோர்ட், இரண்டு முடிவு.

சரி, என் கதவுக்கு வருகிறேன். டெக்சஸில் 2007 செப்டம்பர் 1 முதல் ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஒருவர் ஆள் இருக்கும் உங்கள் வீட்டுக்குள், வண்டிக்குள், அல்லது வேலை செய்யும் இடத்துக்குள் சட்டவிரோதமாகவும் பலவந்தமாகவும் நுழைகிறார் அல்லது நுழைய முயல்கிறார், அது உங்களுக்குத் தெரியும் என்றால், உங்கள் நம்பிக்கை நியாயமானது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அவரைச் சீண்டியிருக்கக் கூடாது, நீங்களும் ஏதாவது குற்றம் செய்துகொண்டிருக்கக் கூடாது (சின்னப் போக்குவரத்து விதிமீறல் பரவாயில்லை). அதே சட்டம்தான் பின்வாங்கி ஓடவேண்டிய கடமை இல்லை என்பதையும் கொண்டுவந்தது. வகுப்பில் நிறையப் பேர் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பின்வரிசையில் ஒருவர், அப்படியென்றால் இவர் கதையில் சுட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றே சொன்னார்.

வக்கீல் தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. என்னிடம் வரிசையாகக் கேட்டார். கதவு உடைந்ததா? இல்லை. பூட்டு நெளிந்ததா? இல்லை. ஜன்னல்? இல்லை. கைப்பிடியைத் திருகினான், அவ்வளவுதானே? ஆமாம். அவன் கையில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? பார்க்கவே இல்லை. என்ன கத்தினான்? புரியவில்லை. அப்போது உங்கள் குடும்பம் எங்கே? பூட்டிய இன்னொரு கதவுக்குப் பின்னால். போலீஸ் லைனில் இருந்ததா? இருந்தது.

"கைப்பிடியைத் திருகியது உள்ளே நுழையும் முயற்சி என்று உங்கள் வக்கீல் சொல்வார். சொந்தக்காரர் வீடு என்று நினைத்துத் தட்டினான் என்று அரசு வக்கீல் சொல்வார். இரண்டில் எது என்று 12 பேர் தீர்மானிப்பார்கள், நீங்கள் அந்த 12 பேரைத் தேர்ந்தெடுக்க மாட்டீர்கள்" என்றார். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. உத்தரவாதமாக விடுதலை என்றும் அவர் சொல்லவில்லை, உத்தரவாதமாக ஜெயில் என்றும் சொல்லவில்லை, இரண்டுக்கும் நடுவில் என் வாழ்க்கையை வைத்துக் காட்டினார். அதனால்தான் அவர் பேச்சை நான் முழுதாக நம்பினேன்.

அதன்பிறகு வரிசையாக, வாசலுக்கு வந்தவரைச் சுட்ட 'கதவடி' வழக்குகளைச் சொன்னார், ஒவ்வொன்றும் நெஞ்சைப் பிசைந்தது. 1992 அக்டோபர் 17, பக்கத்து மாநிலமான லூசியானாவின் பேட்டன் ரூஜ். பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் வந்த 16 வயது ஜப்பான் மாணவன், ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீட்டு எண்ணில் இலக்கம் மாறி வேறு வீட்டு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். பையன் விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே குண்டு, பையன் பிழைக்கவில்லை. 1993-ல் ஜூரி சில மணி நேரத்தில் அவரை விடுதலை செய்தது. 1994-ல் சிவில் கோர்ட் நீதிபதி, இந்தச் சூட்டுக்கு எந்த நியாயமும் இல்லை என்று 650,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். அந்தப் பையனின் பெற்றோர் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் 17 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி, அமெரிக்க அதிபர் கிளிண்டனை நேரில் பார்த்துப் பேசினார்கள்.

அது பழைய காலம், இப்போது ஜூரிகள் கதவடி வழக்குகளை அவ்வளவு லேசாக விடுவதில்லை என்றார். 2013-ல் மிச்சிகனில் விடிகாலை கதவைத் தட்டிய 19 வயதுப் பெண்ணைப் பூட்டியிருந்த வலைக்கதவு வழியாகச் சுட்டவருக்குக் கொலைக் குற்றத்தில் தண்டனை. 2023 ஏப்ரலில் மட்டும் இரண்டு: கேன்சஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போய்த் தெருப்பெயர் குழம்பி வேறு வீட்டு மணியை அடித்த 16 வயதுப் பையனை 84 வயது முதியவர் கண்ணாடிக் கதவு வழியாகச் சுட்டார், பையன் தலையில் குண்டு பட்டும் பிழைத்தான், முதியவர் 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டே நாள் கழித்து நியூயார்க் மாநிலத்தின் ஹீப்ரன் என்ற ஊரில் தவறான வீட்டு வழியில் திரும்பிய காரை நோக்கி ஒருவர் சுட்டதில் உள்ளே இருந்த 20 வயதுப் பெண் இறந்துபோனாள், அவருக்கு 25 வருடம் முதல் ஆயுள் வரை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, டெக்சஸ் விதியை லூசியானா எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள் என்று இதைச் சொல்லும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்.

டெக்சஸிலேயே நடந்தது வேண்டும் என்றால் டல்லஸ் ஆம்பர் கைகர் வழக்கு இருக்கிறது. 2018 செப்டம்பர் 6, வேலை முடிந்து சீருடையோடு வந்த இந்தப் பெண் போலீஸ்காரர், மாடி மாறிப்போய், தன்னுடையது என்று நினைத்து வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்து, சோஃபாவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரரையே திருடன் என்று சுட்டுக் கொன்றார். தன் வீடு என்று உண்மையாகவே நம்பினார் என்பதை அவ்வளவாக யாரும் மறுக்கவில்லை. வீட்டைக் காக்கும் உரிமையைப் பரிசீலிக்க நீதிபதி ஜூரியை அனுமதிக்கவும் செய்தார். ஆனாலும் கொலைக் குற்றம் உறுதி, 10 வருடம்.

ஆனால் என்னை உலுக்கியது ஹஃப்மன் வழக்குதான். அது எங்கள் ஹாரிஸ் கவுண்டியிலேயே, ஹியூஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கிற ஊர். 2010 மே மாதம், பக்கத்து வீட்டில் பிறந்தநாள் விருந்துச் சத்தம் அதிகம் என்று ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் துப்பாக்கி, டார்ச், வீடியோ கேமரா மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். போலீஸுக்குப் போன் போட்டுக்கொண்டே, என் உயிருக்கு ஆபத்து, நான் என் இடத்தில் நிற்கிறேன் என்பதுபோன்ற சட்டச் சொற்களைக் கேமராவில் பதிவாகும்படி சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் சுட்டார், ஒரு பள்ளி ஆசிரியர் இறந்தார். அந்தப் பதிவையே ஜூரி அவருக்கு எதிராக எடுத்துக்கொண்டது. 2012-ல் 40 வருடம். ஜூரிக்குக் கொடுத்த சட்ட விளக்கத்தில் பிழை என்று மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2015-ல் மறுபடி விசாரணை நடந்து, மறுபடியும் குற்றவாளி, இந்த முறை ஆயுள். 'உயிருக்குப் பயந்தேன்' என்பது ஏதோ மந்திரம் மாதிரி, சொன்னால் கதவு திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நம்மிடையே நிறைய. வகுப்புக்கு வருமுன் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மனிதர் வீட்டிலேயே இருந்து போலீஸை மட்டும் கூப்பிட்டிருந்தால் இரண்டு குடும்பமும் இன்று முழுதாக இருந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. 2007 நவம்பரில், புதுச் சட்டம் வந்து இரண்டரை மாதத்தில், ஹியூஸ்டன் பக்கத்துப் பேசடினாவில் ஒரு முதியவர் பக்கத்து வீட்டில் திருடிவிட்டுப் போன இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். வெளியே போகாதீர்கள் என்று 911 ஆபரேட்டர் பலமுறை கெஞ்சியும் போனார். 2008 ஜூனில் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, வழக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டது. சொத்தைக் காக்கவும் சில நிலைகளில் உயிர்ப்பலத்தை அனுமதிக்கிறது 9.42, இரவு நேரத் திருட்டும் அதில் உண்டு, வேறு வழியில் பொருளைக் காப்பாற்றவோ மீட்கவோ முடியாது என்ற நிபந்தனையோடு. இதைக் கேட்டபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு டிவிக்காகவோ நகைக்காகவோ ஒரு உயிரை எடுக்க அனுமதி கொடுத்திருக்கக் கூடாது என்றே இப்போதும் நினைக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் அதை ஏற்கவில்லை, போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் இடத்தில் இருந்து பாருங்கள் என்றார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒரு பெண் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் விடமுடியாது. வருடக்கணக்காக அடித்துக் கொடுமைப்படுத்தும் கணவன், நாளைக்குக் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறான், அப்போது? வக்கீல் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வட கரோலினா மாநில உச்ச நீதிமன்றம் 1989-ல் கொடுத்த தீர்ப்பைச் சொன்னார். அங்கேயும் இதேதான் நடந்திருந்தது, பல வருடச் சித்திரவதைக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்த கணவனை மனைவி சுட்டுவிட்டாள். ஆபத்து அந்தக் கணத்தில் இல்லை, அதனால் தற்காப்பு ஆகாது என்று கோர்ட் சொன்னது. அறை முழுக்க அமைதி. சட்டத்தில் உள்ள 'உடனடி' என்ற சொல் பெண்களுக்கு எவ்வளவு கொடூரமாக வேலை செய்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் அந்தப் பெண்ணிடம் இடைவேளையில் தனியாக நீண்ட நேரம் பேசினார், ஏதோ எண்கள் எழுதிக் கொடுத்தார்.

நம் ஊர்ச் சட்டத்தில் எப்படி என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 38-வது பிரிவு, அங்கேயும் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம்தான் கேள்வி. துப்பாக்கி கிடைப்பதுதான் வித்தியாசம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள் மனதில் நின்றன. வெறும் வாய்ப்பேச்சுக்கு, கெட்ட வார்த்தைக்கு, பலத்தைப் பயன்படுத்த இடமே இல்லை. நீங்கள் சுட்டது நியாயம் என்றாலும், கவனமில்லாமல் சுட்டுக் குண்டு பக்கத்து வீட்டுக் குழந்தைமேல் பட்டால் அந்த நியாயம் அங்கே உதவாது, 9.05 அதைச் சொல்கிறது. எங்கள் வீடுகளின் சுவர் எல்லாம் ஜிப்சம் அட்டை, குண்டு எளிதாகத் துளைத்துக்கொண்டு போகும். தோட்டா போட்ட துப்பாக்கியைக் குழந்தை கையில் எட்டும்படி வைத்து, குழந்தை அதை எடுத்துவிட்டால் அதுவே குற்றம், டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே எல்லோரும் இதில் குழந்தை. தற்காப்பு என்று வழக்கில் எழுப்பப்பட்டால், அது தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசின் வேலை, இது நமக்குச் சாதகம். ஆனால் அந்த இடத்துக்குப் போவதற்குள் கைது, ஜாமீன், வக்கீல் பீஸ், வேலை எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குப் பிடிக்காதது. எங்களோடு ஒரு தமிழ்த் தம்பி வந்திருந்தார், எச்-1பி விசா. பதிவு செய்யும் இணையப் பக்கத்தில் விசா பற்றி ஒரு வரியும் இல்லை. மதியம் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடத்துக்கு) போகிற நேரத்தில்தான் வரவேற்பு மேசையில் இருந்தவர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, நீங்கள் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். மத்திய அரசுச் சட்டப்படி எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் வரும். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. மீறினால் 15 வருடம் வரை சிறை, நாடுகடத்தலும் வரும். ஆனால் இதைக் காசு வாங்கும் முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அந்தத் தம்பி பணத்தைத் திருப்பிக் கேட்டார், வகுப்பில் உட்கார்ந்தாயிற்றே என்று மறுத்துவிட்டார்கள். "விடுங்கண்ணா, கேஸ் ஆகாமல் தப்பித்தேனே, அதுவே போதும்" என்று அவர் சொன்னாலும், எனக்கு ஆறவில்லை. மேனேஜரைப் பார்த்துப் பேசினேன், பார்க்கிறோம் என்றார், இதுவரை பதில் இல்லை. நண்பர்களோடு வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய்ப் போட்டோ எடுத்துப் போடுகிற தம்பிகள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஒரு குடியேற்ற வக்கீலிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் சட்டப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை விற்க 40 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். மாதச் சந்தா கட்டினால், சுட்டுவிட்டால் வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்வார்களாம். கொலை வழக்குகளைக் கேட்டு எல்லோரும் வெலவெலத்துப் போயிருக்கிற நேரம் பார்த்து அதை விற்பது சரியில்லை. அந்த நேரத்தைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெட்டகம் எப்படி வாங்குவது, தோட்டாவை எங்கே தனியாக வைப்பது என்பதற்குக் கொடுத்திருக்கலாம், அந்தப் பாடத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

ரேஞ்ச் பகுதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10, மொத்தம் 50 தோட்டா. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. முதல் தடவை சுடுகிறவன் நான், பயிற்சியாளர் பக்கத்திலேயே பொறுமையாக நின்று சொல்லிக்கொடுத்ததில் 221 வந்தது. காதுமூடி வாடகைக்குக் கொடுப்பது தேய்ந்துபோனது, சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு போவது நல்லது. எழுத்துத் தேர்வு கவனித்துக் கேட்டவர்களுக்கு எளிது. லைசென்ஸுக்கு மாநிலத்துக்கு 40 டாலர், கைரேகைச் செலவு தனி.

மொத்தத்தில், சட்டப் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், மையத்துக்கு மூன்று. பதிவு செய்யுமுன் சட்டத்தை எடுப்பது யார் என்று போன் போட்டுக் கேளுங்கள், கோர்ட்டில் வாதாடிய வக்கீல் என்றால் தூரமானாலும் போகலாம். ஆன்லைனிலும் வகுப்பறைப் பகுதியை முடிக்க வழி இருக்கிறது, ஆனால் என் கதவைப் பற்றி என்னிடமே குறுக்குக் கேள்வி கேட்க அங்கே ஆள் இருக்காது.

வந்த வாரமே வாசலில் பெரிய எழுத்தில் வீட்டு எண் மாட்டினோம், இரவு முழுக்க எரிகிற விளக்கு ஒன்றும், உள்ளே இருந்தே வெளியே யார் என்று பார்த்துப் பேசுகிற கேமரா மணியும் போட்டோம். படுக்கையறைக் கதவை மாற்றிக் கனமான கதவு வைத்திருக்கிறோம். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. என் மனைவி, "நீங்க மட்டும் கேட்டுட்டு வந்து சொன்னா போதாது, நானும் அந்த வக்கீல் பேசுறதக் கேக்கணும்" என்று அடுத்த மாத வகுப்புக்குப் பதிவு செய்திருக்கிறாள். அவள் வந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம்.